வேலையை விட்டு வந்த கதை

யாராவது வேலையை விட்டுவிட்டார் என்று காதில் விழுந்தால் போதும், ஏழாம் நம்பர் அக்கா அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் எல்லாம் இனி அவன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான், பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவான் என்று கவலைப்படும்போது அக்காவுக்கு மட்டும் வேறு விவரம் வேண்டும்.

“நீயா விட்டியா, அவன் போகச் சொன்னானா?”

“நானாத்தான் விட்டேன்க்கா.”

“எப்படிச் சொன்ன? சொன்னத அப்படியே சொல்லு.”

“இனிமே வரமாட்டேன்னு சொன்னேன்.”

“நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா? அவன் மொகம் என்னா ஆச்சு? கதவச் சாத்திட்டு வந்தியா, தொறந்து போட்டுட்டு வந்தியா?”

சொல்ல வந்தவன் துக்கத்தோடு வந்திருப்பான். அக்கா கேட்கக் கேட்க, தான் செய்தது ஏதோ பெரிய காரியம் என்று அவனுக்கே தோன்ற ஆரம்பிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் விட்டுப்போனதை எல்லாம் சேர்த்து மறுபடி சொல்வான். அக்கா முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். சினிமா பார்த்துவிட்டு வந்தவர்களிடம்கூட அவர் அப்படிக் கதை கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் பத்து காஜா என்ற ஊரிலிருந்து ஈப்போ போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. லயத்து வரிசையில் வீட்டு நம்பரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவோம். நான் எட்டாம் நம்பர். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அவர் வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். காட்டிலும் அவர் பால் வெட்டுகிற நிரைக்குப் பக்கத்து நிரைதான் எனக்கு. விடியுமுன்னே பெரட்டில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தால், பாலை எடுத்து நிறுத்துக் கொடுக்கிற வரைக்கும் மரத்துக்கு மரம் பேச்சுதான். அக்காவுக்கும் ஒரு பெயர் இருந்தது. சம்பள நாளில் கணக்கு எழுதுகிற கிராணி ஆபிஸ் வாசலில் நின்று கூப்பிடும்போதுதான் அது எங்கள் காதில் விழும்.

இந்தக் கதைகளில் அவருக்குத் தரம் பார்க்கத் தெரியும். முதலாளி நிறுத்திவிட்டால் அது கதையே இல்லை. ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்து, கூட வேலை செய்தவர்களுக்கு மீ கோரேங் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை, “அது கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்ற மாதிரிலா” என்று ஒதுக்கிவிடுவார். பாதி வேலையில், கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு வந்தவர்கள்தான் அவருக்கு உசத்தி. ஈப்போவில் துணிக்கடையில் நின்ற ஒரு பெண், முதலாளியம்மா ஏதோ சொல்லிவிட்டார் என்று, பாதி கிழித்த துணியை வாடிக்கையாளர் தோளில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்தப் பெண் தீபாவளிக்கு லயத்துக்கு வரும்போதெல்லாம் அக்கா முறுக்குத் தட்டோடு போய், “அந்தத் துணிக் கதையச் சொல்லு” என்று உட்கார்ந்துவிடுவார். அந்தப் பெண்ணுக்கு அலுத்துவிட்டது. அக்காவுக்கு அலுக்கவில்லை.

இந்த விஷயத்தில் அக்காவுக்குக் குறையே வைக்காதவர் அவருடைய கணவர்தான். நாங்கள் அவரை மாமா என்று கூப்பிடுவோம். நல்ல உயரம். வெளியே போகும்போது தேய்த்த சட்டை. குடிப்பது குறைவு, கைநீட்டுகிற பழக்கம் அறவே கிடையாது. எந்த வேலையிலும் அவரால் நிலையாக இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பாகான் டத்தோவில் தென்னந்தோப்பு வேலைக்குப் போனார். தேங்காய் பறிக்கிற காலம் முடிவதற்குள் திரும்பிவிட்டார். மரம் அறுக்கிற ஆலை, ஈயம் எடுக்கிற லம்பம், லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை என்று ஒவ்வொன்றாகப் போவார். லோரி வேலையை விட்டது தைப்பிங் போகிற சாலையின் நடுவில். ஓட்டுநர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்க, இவர் இறங்கி எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பாகான் செராயில் சீன முதலாளியின் அரிசி ஆலையை விட்டு வந்த கதையை நானே பலகைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

“உமியக் கூட்டச் சொன்னான் தவுக்கே. கூட்டுனேன். சரியில்ல, திரும்பக் கூட்டுன்னான். கூட்டுனேன். மறுபடியும் சொன்னான் பாரு, தொடப்பத்த அவன் கையிலயே குடுத்துட்டேன். ‘நீ கூட்டிக் காட்டு தவுக்கே, நான் பாத்துக் கத்துக்கிறேன்’னேன்.”

“கையிலயா குடுத்தீங்க?”

“கையிலதான்.”

“வாங்கிக்கிட்டானா?”

“அதான் கூத்து! வாங்கிக்கிட்டு நிக்கிறான்லா!”

அக்கா சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரரும் சோற்றுத் தட்டோடு சேர்ந்து சிரித்தார். அக்காவின் மகள் மட்டும் சிரிக்க மாட்டாள். ஏழாம் நம்பரில் பாடப்புத்தகத்தைப் பட்டென்று மூடுகிற சத்தம் கேட்டால், மாமா வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். சிரித்து முடித்துவிட்டு அக்கா எழுந்து அடுப்படிக்குப் போவார். அடுத்த சில வாரங்களுக்கு மீன்காரன் மோட்டோர் அந்த வாசலில் நிற்காது.

மாமா அப்படி நினைத்தபோது விட்டுவிட்டு வர முடிந்ததற்குக் காரணம், திரும்பி வருவதற்கு வீடு இருந்தது. வீடு இருந்ததற்குக் காரணம் அக்கா.

அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் மாமாதான் பால் வெட்டப் போனார். அக்கா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தார். எங்களை மேய்க்கிற தண்டல் ஒருநாள் பால் நிறுக்கும் இடத்தில், மாமாவின் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மாமா இரண்டு வாளியையும் தூக்கி, அந்தத் தண்டலின் காலடியில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாளே அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அதோடு கிராணி வீட்டுக்கு வந்து சொன்னார்: வீட்டுக்கு ஓர் ஆளாவது தோட்டத்தில் வேலை செய்யவேண்டும், இல்லையென்றால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிடவேண்டும்.

அடுத்த நாள் அக்கா குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, மாமாவின் கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டில் போய் நின்றார். “ஒரு மாசம்தான். இவருக்கு வீடு குடுக்கிற எடமா ஒன்னு கெடச்சதும் கெளம்பிடுவோம்” என்று எல்லாரிடமும் சொன்னாராம். நான் மருமகளாக அந்த லயத்துக்கு வந்தபோது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.

மாமா பாலைக் கவிழ்த்த கதைதான் அக்காவுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. காட்டில் தோளில் காண்டாவை ஏற்றி, இரண்டு பக்கமும் வாளி தொங்க, மழையில் வழுக்குகிற மேட்டில் ஏறிக்கொண்டே சொல்வார்: “அந்தத் தண்டல் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். சப்பாத்து ரெண்டும் வெள்ளையாப் போச்சு.” தோளில் அந்தக் கழி அழுத்தி அழுத்தி, சட்டைக் கழுத்து விலகும்போது தெரிகிற அளவுக்குத் தடித்துப்போயிருக்கும்.

ஒருமுறை கேட்டேவிட்டேன். “உங்களுக்கு மாமா மேல கோவமே வராதாக்கா?”

அட்டையைக் காலிலிருந்து பிய்த்துப் போட்டுக்கொண்டே சொன்னார். “யாராச்சும் ஒருத்தர் வெளிய போய்ட்டு வரணும்ல. ரெண்டு பேரும் இங்கயே அடைஞ்சு கெடந்தா எப்படி?”

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவைச் சுற்றி ஃபேக்டரிகள் வந்தன. தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போக லயத்து முனை வரைக்கும் பஸ் அனுப்பினார்கள். சட்டை தைக்கிற ஒரு ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் அக்காவும் ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனோம். துணியில் நேர்கோடாக ஒரு தையல் போட்டுக் காட்டச் சொன்னார்கள். என்னுடையது கொஞ்சம் கோணிப்போயிற்று. அக்கா போட்டது கோடு கிழித்த மாதிரி இருந்தது. இரண்டு பேரையும் அடுத்த ஒன்றாம் தேதி வரச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். வாய் ஓயவில்லை.

“நேரா ஆபிஸுக்குள்ள போவேன். ‘கிராணி, நாளையிலேர்ந்து என்னைப் பாக்காதீங்க.’ எப்படி இருக்கு?”

“நல்லாருக்குக்கா.”

“இல்ல, இது வேணாம். கத்திய மேசையில வெச்சிட்டு ஒன்னும் பேசாம நிக்கிறேன். அவரே கேக்கட்டும், என்னாம்மான்னு. அப்ப சொல்றேன்.”

முன்சீட்டில் இருந்த சீனக் கிழவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அக்கா கண்டுகொள்ளவில்லை. தோட்டத்துக்குப் பிரிகிற சிம்பாங் வந்து இறங்குவதற்குள் ஐந்தாறு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார்.

வீடு நிலைக்க வேண்டும் என்றால் மாமா தோட்டத்துக்குத் திரும்பவேண்டும். பழைய தண்டல் அப்போது இல்லை, துரையும் மாறியிருந்தார். மாமா தலையை வாரிக்கொண்டு, தேய்த்த சட்டையோடு ஆபிஸ் வாசலில் போய் நின்றார். கிராணி நல்ல மனிதர். ஞாயிறு தவறாமல் ஈப்போவுக்கு மாதா கோயிலுக்குப் போகிறவர். துரையிடம் பேசி, புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலையை வாங்கிக் கொடுத்தார். முதல் வாரம் மாமா முதுகில் பம்ப்போடு போய் வந்தார். அக்கா எனக்கும் தனக்கும் சேர்த்து ஈப்போவில் புது செருப்பு வாங்கி வைத்தார்.

இரண்டாவது வாரம் பாதியில், வெயில் ஏறுகிற நேரத்துக்கு மாமா வெறுங்கையோடு லயத்துக்குள் வருவதைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் பலகைக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது. நேற்றுப் பிறந்த பயல் ஒருவன் தன்னை எப்படி அதட்டினான், தான் என்ன பதில் சொன்னேன் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். குரல் வழக்கம்போல ஏறவில்லை. தடுமாறித் தடுமாறி வந்தது. சொல்லி முடித்தார். அக்கா அழுவார், இன்றைக்காவது கத்துவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

“பம்ப எறக்கி வெச்சிட்டு வந்தீங்களா, அப்படியே போட்டுட்டு வந்தீங்களா?”

“போட்டுட்டுத்தான் வந்தேன். நடுப் பாதையில.”

அக்கா சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். மாமாவும் பிறகு தைரியம் வந்து சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெரட்டுக்கு நான் போனபோது அக்கா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அவராகவே சொன்னார். “நீ போலா. உனக்கு என்னா? உன் வீட்டுக்காரரு தோட்டத்து ஸ்டோர்ல நெலையா இருக்காரு. நீயாச்சும் போய்ட்டு வந்து சொல்லு.”

நான் கிராணியிடம் சொல்லப் போனபோது அக்கா கூடவே வந்து ஆபிஸ் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒன்னுமே சரியா காதுல விழல. என்னா சொன்ன?”

“ஒன்னாந்தேதியிலேர்ந்து வர முடியாதுங்கய்யா, மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன்.”

“மன்னிப்பா?” அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “வேலைய விட்டுட்டு வான்னு அனுப்புனா, மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்கா பாரு!”

பிறகு நாங்கள் ஈப்போவில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்துக் குடிபோய்விட்டோம். ஃபேக்டரியில் ஒருத்தியும் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. பக்கத்து ஃபேக்டரியில் பஸ் நல்லா இருக்கு, அங்கே இரவு ஷிப்டு இல்லை, இங்கே சூப்பர்வைசர் வாய் சரியில்லை என்று ஏதாவது ஒன்றுக்காக மாறிக்கொண்டே இருந்தார்கள். நானும் சட்டையிலிருந்து ரேடியோ சாமான் பூட்டுகிற இடத்துக்கு, அங்கிருந்து பிஸ்கட் கம்பெனிக்கு என்று மாறினேன். மாதம் ஒருமுறை லயத்துக்குப் போகும்போது அக்கா கோப்பி கலக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். “யாரு விட்டா? நீ விட்டியா?” என்பதுதான் முதல் கேள்வி. அவருக்குச் சொல்வதற்காகவே நான் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். சத்தமில்லாமல் பஞ்ச் கார்டை நீட்டிவிட்டு வந்த நான், கத்திரிக்கோலை மேசையில் டமால் என்று வைத்ததாகச் சொன்னேன். அக்கா அந்த ‘டமாலை’ மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மகளுக்குச் சித்தியவானில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். அக்காவுக்கு முழங்கால் மடங்காமல் போயிற்று. மரத்துக்கு அடியில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல், குனிந்தபடியே வெட்டினார். மாமா போன இடங்களும் குறைந்துகொண்டே வந்தன. வயதானவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. எடுத்தால்தானே விட முடியும்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. வாங்கிய கம்பெனி வீடு கட்டப்போகிறது. துரை பெரட்டில் வந்து அறிவித்தார். மாதக் கடைசியோடு எல்லாருக்கும் வேலை முடிகிறது. எத்தனை வருடம் வேலை செய்தார்களோ அதற்குத் தக்கபடி நட்டஈடு. கடைசி நாள் வரைக்கும் பெயர் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். முன்னதாகத் தானே விலகிக்கொள்கிறவர்களுக்குக் கிடையாது. லயத்தில் அழுதவர்களும் உண்டு, கணக்குப் போட்டவர்களும் உண்டு. எல்லாரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். அவருக்குத்தான் நிறைய வரும்.

அக்கா கிராணியிடம் கேட்டாராம். “அப்ப இனிமே யாரும் விட வேண்டியதில்லையா? அவங்களே எல்லாரையும் நிறுத்திடுவாங்களா?”

“ஆமாம்மா. இன்னும் கொஞ்ச நாளுதான், நிம்மதியா இரு” என்றாராம் கிராணி.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. நான் மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் அக்கா நின்றிருந்தார். தனியாக அவர் ஈப்போவுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. தலையில் காட்டுக்குக் கட்டுகிற துணி. காலில் பால் காய்ந்து ஒட்டிய சப்பாத்து. அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார். என்னவோ ஏதோ என்று பதறிப்போனேன்.

“உக்காரு” என்றார். “மொதல்ல உக்காரு.”

உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை. நடுவீட்டில் நின்றுகொண்டார்.

“பாதி நெரை வெட்டியாச்சு. மிச்சப் பாதி நிக்கிது. எனக்கு என்னமோ தோனுச்சு. கத்திய அந்த மரத்தடியிலயே வெச்சேன். வாளிய கவுத்து வெச்சேன். நேரா ஆபிஸு. கதவத் தட்டல. உள்ள போய்ட்டேன். துரை ஃபோன்ல பேசிக்கிட்டு இருக்கான். பேசி முடிக்கட்டும்னு நின்னேன். ஃபோன வெச்சான். ‘துவான், சாயா பெர்ஹெந்தி’ன்னேன்.”

துரை மலாய்க்காரர், சின்ன வயது. நான் நின்றுகொள்கிறேன் என்று அக்கா மலாயில் சொன்னது அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆமாம் அம்மா, மாதக் கடைசியில் எல்லாரும்தானே நிற்கிறீர்கள் என்று அன்பாகச் சொல்லியிருக்கிறார்.

“நான் வுடல. எல்லாரும் இல்ல துரை, நான். மாசக் கடைசி இல்ல, இன்னிக்கி. இப்ப. அப்படின்னேன். அவன் வாயத் தொறந்தான், மூடுனான். கிராணி அந்த மேசையிலேர்ந்து எழுந்துட்டாரு. நான் திரும்பி வந்துட்டேன். கதவத் தொறந்தே போட்டுட்டேன்லா!”

முகம் முழுக்க வேர்த்திருந்தது. அவர் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகுதான் எனக்கு உறைத்தது.

“அக்கா, நட்டஈடு?”

“தெரியும்லா.”

“மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல. போய்ச் சொல்லணும்.” ஆசையோடு சொன்னார். “சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாரு பாரு.”

மாமா சிரிக்கவில்லை. இதை எனக்கு அக்கா சொல்லவில்லை. லயத்தில் மற்றவர்கள் சொன்னார்கள். அக்கா நின்று நடித்துக் காட்டிச் சொல்லி முடித்தபோது மாமா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, “பைத்தியமா உனக்கு?” என்று மட்டும் கேட்டாராம். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாராம்.

அந்த ஒரு வாரம் அக்கா வேலைக்குப் போகவில்லை. காலையில் குளித்து, நல்ல சேலை கட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாராம். மற்றவர்கள் காட்டிலிருந்து திரும்பும்போது, “என்னா, இன்னும் வேலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கீங்களா?” என்று கேட்டுச் சிரித்தாராம்.

கடைசி நாளன்று தோட்டத்திலிருந்து முன்பே போன எங்களைப் போன்றவர்களும் வந்திருந்தோம். ஆபிஸ் முன்னால் பந்தல் போட்டு மேசை வைத்திருந்தார்கள். கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். போய்க் கையெழுத்துப் போட்டு உறையை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா என் பக்கத்தில், வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு நின்றிருந்தார்.

கிராணி அவருடைய பெயரைக் கூப்பிட்டார்.

அக்கா அசையவில்லை. வேறு யாரையோ என்று நினைத்துக்கொண்டார்போல. மறுபடி கூப்பிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மேசைக்கு முன்னால் போய் நின்றார். நான் பின்னால் போனேன்.

“நான்தான் விட்டுட்டேனே கிராணி.”

“அது அன்னைக்கி ஏதோ அலுப்புல சொன்னது. துரையும் நானும் காதுல வாங்கிக்கல. ஒரு நாளும் விடாம உனக்குப் பேர் போட்டுட்டேன்.” குரலைத் தணித்துக்கொண்டார். “உன் வீட்டுக்காரரு அன்னைக்கே வந்துட்டாரும்மா. அழுதாரு. இத்தன வருசம் உழைச்சத ஒரு வார்த்தையில விட்டுடலாமா?”

அக்கா திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ தவுக்கேக்களையும் தண்டல்களையும் நிற்க வைத்துவிட்டு நடந்தவர்.

“உன் நல்லதுக்குத்தாம்மா” என்றார் கிராணி. பேனாவை நீட்டினார்.

அவர் சொன்னது நிஜம். வாங்காமல் போனால் அவர்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். வரிசையில் இருந்தவர்கள் கிராணியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு பாட்டி, “மகராசன்” என்று சத்தமாகவே சொன்னார். அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். உறையைப் பிரித்து எண்ணிப் பார்க்கவில்லை. நேராக மாமாவிடம் போய் அவர் சட்டைப் பையில் அதைச் செருகிவிட்டு, லயத்தைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

“அக்கா.”

“ஒரு வாரம் சும்மா உக்காந்திருந்தேன்னு நெனைச்சேன்” என்றார். “அந்த ஒரு வாரமும் நான் வேலையிலதான் இருந்திருக்கேன் பாரு.”

அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி ஈப்போவுக்கு வெளியே ஒரு மலிவு வீடு எடுத்தார்கள். வீடு அக்காவின் பெயரில்தான். மாதாமாதம் தவணை. மாமாவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் விரல்கள் போய்விட்டன. அவர் எங்கும் போவதில்லை. அக்கா டவுனில் ஒரு பெரிய கடைக் கட்டடத்தில் தரை துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். துடைக்கிற கான்ட்ராக்ட் இரண்டு மூன்று கைகள் மாறியது. ஒவ்வொரு முறையும் சட்டையின் நிறம் மாறியதே தவிர அக்கா மாறவில்லை.

ஒருநாள் சாமான் வாங்கப் போனபோது அவரைத் தேடிப் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனேன். இடைவேளை. இளம் பெண்கள் நான்கைந்து பேர் படிகளில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, மேற்பார்வையாளன் தொல்லை தாங்கவில்லை, விட்டுவிடப்போகிறேன் என்று புலம்பினாள். அக்கா நடுவில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் காரணமாக நிற்க முடியவில்லை. ஆனால் கை இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

“விடறதா இருந்தா ஒழுங்கா விடணும். நான் எப்படி விட்டேன் தெரியுமா? பாதி நெரை வெட்டியாச்சு, பாதி நிக்கிது...”

கத்தியை மரத்தடியில் வைத்தார். கதவைத் தட்டாமல் உள்ளே போனார். துரை ஃபோனை வைத்தான். எல்லாரும் இல்ல துரை, நான். அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் கீழ்ப்படியில் நின்று முழுவதையும் கேட்டேன். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“அதுக்கப்புறம் உங்கள திரும்பக் கூப்பிடவே இல்லியாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“கூப்பிட்டா மட்டும்? யாரு போறா?” என்றார் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “இவளக் கேளு. அன்னைக்கி மொதல்ல இவகிட்டத்தான் வந்து சொன்னேன்.”

பெண்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஆமா” என்றேன். “நேரா என் வீட்டுக்குத்தான் வந்தாங்க.”

மேற்பார்வையாளன் மேலேயிருந்து இரும்புக் கதவைத் தட்டினான். பெண்கள் சிரிப்பு அடங்காமல் மெதுவாகக் கூந்தலைச் சரிசெய்துகொண்டும் சட்டையைத் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்து, வலியோடு ஒரு காலை ஊன்றி, அவர்கள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து போனார்.